திருக்கோஷ்டியூர் என்றால் இடதுபக்கம்

காரைக்குடியில் நாகவல்லியை ‘குவார்ட்டர்’ என்று கூப்பிட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவருக்கு ‘குவார்ட்டர்பேக்’ என்று பெயர். வைத்த புண்ணியவானுக்குத் தமிழ்நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, பாவம். செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் ‘காரைக்குடி குவார்ட்டர்பேக் நாகவல்லி’ என்று படத்தோடு துணுக்கு வந்த அன்று, அவளுடைய அப்பா பெத்தன், கதவு மாட்டப் போன வீட்டிலிருந்து பாதி வேலையில் திரும்பி வந்தார்.

“ஆத்தா, நீ குவார்ட்டருன்னு பேப்பர்ல போட்டுருக்காம்ல. டீக்கடையில சிரிக்கிறாய்ங்க. என்னத்தா அது?”

“பந்து எறியிறதுப்பா.”

“அதை அப்புடியே போட வேண்டியதுதான? பேப்பர்க்காரனுக்கு வெவரம் பத்தல” என்று சொல்லிவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்பிப் போனார்.

அன்றைக்கே அணியில் அந்தப் பதவியின் பெயரை மாற்றிவிட்டார்கள். வீசுகிறவள் டிரைவர். ஓடிப்போய்ப் பிடிக்கிறவர்கள் பஸ். பயிற்சி கொடுக்கிற ரோகிணி டீச்சர் கண்டக்டர். டீச்சருக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை.

நாகவல்லிக்கு வயது இருபத்து நாலு. செக்காலை ரோட்டில் ஒரு பிளைவுட் கடையில் பில் போடுகிறாள். எட்டுக்கு நாலு, பதினெட்டு எம்.எம். என்று நாளெல்லாம் பலகைக் கணக்கைத் தட்டிக்கொண்டிருந்தாலும் மனசு முழுக்கக் கால்பந்துதான். உருண்டைப் பந்து, காலால் உதைக்கிற கால்பந்து. எட்டாம் வகுப்பில் பிடித்த பைத்தியம் அது. அவளுக்கு அதைப் பிடிக்கவைத்தவள் அடுத்த தெரு தீபலட்சுமி. ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள், ஒரே சிவப்புச் சட்டை அணி. இங்கிலாந்தில் எங்கோ ஆடுகிற அந்த அணியை இருவரும் ‘நம்ம ஆளுக’ என்றுதான் சொல்வார்கள். நம்ம ஆளுக தோற்றால் தீபா அன்று ராத்திரி சாப்பிட மாட்டாள். நாகவல்லி இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிடுவாள். துக்கம் ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி.

பிறகு எப்படி அமெரிக்கன் ஃபுட்பால் என்றால், வேறு வழியில்லாமல்தான். காலேஜ் முடிந்ததும் கால்பந்துக்குப் பதினோரு பெண்கள் சேரவில்லை. ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிற்று, ஒருத்தி திருப்பூர் போனாள், ஒருத்தி வீட்டில் டவுசர் போடக் கூடாது என்றார்கள். எண்ணிப் பார்த்தால் மிச்சம் ஐந்து பேர். அந்தச் சமயத்தில்தான் ரோகிணி டீச்சர் சென்னையில் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு, இரண்டு முனையும் கூர்மையான ஒரு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“இதுக்கு அஞ்சு பேரு போதும்டி” என்றார். “அமெரிக்கன் ஃபுட்பாலுதான். ஆனா முட்டி மோதிக்கிறது கெடையாது. இடுப்புல ரெண்டு பக்கமும் கொடி தொங்கும். பந்து வச்சிருக்கிறவ கொடிய எதிராளி உருவிப்புட்டா ஓட்டம் அங்கனயே நின்னுபோச்சு. பந்தோட எல்லைக் கோட்டைத் தாண்டிட்டா ஆறு பாயிண்டு. இருபத்தெட்டுல ஒலிம்பிக்ல வருது, தெரியுமா?”

“எத்தனை தடவை ஒதைக்கலாம் டீச்சர்?” என்று கேட்டாள் தீபா.

“ஒதைக்கவே கூடாது.”

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலால் தொடக் கூடாதாம், பெயர் மட்டும் ஃபுட்பாலாம். நாகவல்லிதான் முதலில் வாயைத் திறந்தாள். “ஆடுறோம் டீச்சர். ஆனா இதுதான் ஃபுட்பாலுன்னு மட்டும் சொல்லிராதீக. எந்திரிச்சுப் போயிருவோம்.” அப்படி ஒரு உடன்படிக்கை ஆயிற்று. உருண்டையாக இருப்பது கால்பந்து. இது பப்பாளி. ‘நாளைக்குக் காலையில பப்பாளி இருக்கு’ என்றால் மானகிரி மைதானத்தில் ஆறு மணிக்குப் பயிற்சி என்று அர்த்தம். சனிக்கிழமை சாயங்காலம் பெத்தன் வீட்டு டிவிக்கு முன்னால் கால்பந்து. வெள்ளைக்காரன் ஊரில் பப்பாளிக்காரர்களும் கால்பந்துக்காரர்களும் ஒருத்தரை ஒருத்தர் கிண்டலடித்துக்கொள்வார்களாம். இவர்களுக்கு அந்தச் சண்டை தங்களுக்குள்ளேயே நடந்தது, காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சி.

அப்படி ஒரு சனிக்கிழமையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். சிவப்புச் சட்டையில் பத்து வருஷம் ஆடி, பிறகு வேறு அணிக்குப் போன ஒருத்தன், அன்று நம்ம ஆளுகளுக்கு எதிராக வந்து கோல் போட்டான். போட்டவன் ஓடவில்லை, கையைத் தூக்கவில்லை, சட்டையைக் கழற்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுடைய புது அணிக்காரர்கள் கட்டிப்பிடிக்க வந்தபோதும் கை இரண்டும் கீழேயே இருந்தன. பார்த்துக்கொண்டிருந்த தீபா விசும்பி விசும்பி அழுதாள்.

பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருந்த பெத்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. “கோலு போட்டுட்டு ஏத்தா எழவு வீட்ல நிக்கிற மாதிரி நிக்கிறான்?”

“மரியாதை பெரியப்பா” என்றாள் தீபா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “சோறு போட்ட வீடுல்ல. எதுத்து கோலு போடலாம். அது ஆட்டம். கையத் தூக்கக் கூடாது.”

பெத்தன் தலையை ஆட்டிக்கொண்டார். நாகவல்லிக்கும் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு நியாயம் உள்ள ஆட்டத்தை நேசிக்கிறோம் என்று அவளுக்கு அன்று பெருமையாக இருந்தது.

கால்பந்துப் பழக்கம் பப்பாளியிலும் விடவில்லை. பப்பாளியில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் வட்டமாகக் கூடி நின்று, அடுத்து யார் எங்கே ஓடுவது என்று குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். இந்த ஐந்து பேருக்கும் அது ஆகவே ஆகாது. நிற்காமல் ஓடுகிற ஆட்டத்தில் வளர்ந்தவர்கள், நின்று நின்று ஆடச் சொன்னால் எப்படி? பேச்சை மிச்சம் பிடிக்க ஒரு வழி தேடினார்கள். அதைத் திருப்பத்தூர் பஸ்ஸில் வரும்போது நாகவல்லியும் தீபாவும்தான் கண்டுபிடித்தார்கள். ஓடுகிற பாதைக்கு எல்லாம் ஊர்ப் பேர். மானகிரி என்றால் கிட்டத்தில், நாலு எட்டு ஓடித் திரும்பி நில். பிள்ளையார்பட்டி என்றால் கொஞ்சம் போய் வலதுபக்கம் ஒடி. கொத்தமங்கலம் என்றால் அதற்கு எதிர்ப்பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே திருக்கோஷ்டியூர். நேராக ஓடு, திருப்பத்தூர் ஸ்டாண்டில் பஸ் நிற்கிற மாதிரி நிற்பதுபோல் ஒரு பாவனை காட்டு, காவலுக்கு நிற்கிறவள் ஏமாந்ததும் இடதுபக்கம் வளைந்து கடைசிவரை பற. நாகவல்லி உரக்கக் கூவுவாள், அடுத்த கணம் பந்து போகும். எதிர் அணிக்காரிகள் மலங்க மலங்க விழிப்பார்கள். கூட்டத்தில் எவனாவது ‘ரைட், போலாம்’ என்று விசில் அடிப்பான்.

பெயர்களைக் கேட்டபோது ரோகிணி டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏத்தா, ரகசியத்துக்கு வேற ஊரே கெடைக்கலையா ஒங்களுக்கு? குரு காதோட சொன்ன மந்திரத்தை ராமானுஜர் கோபுரத்துல ஏறி நின்னு ஊருக்கே கூவுனது திருக்கோஷ்டியூர்லதான்டி!”

“நாங்களும் கூவத்தான டீச்சர் போறோம்” என்றாள் தீபா. எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்த சிரிப்புக்கு எல்லாம் பின்னால் விலை உண்டு என்று அப்போது யாருக்குத் தெரியும்.

தை மாதம் தீபாவுக்கு மதுரையில் வேலை கிடைத்தது, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். அங்கே ஒரு பெண்கள் அணி இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அதில் சேர்ந்து ஆடப்போவதாக தீபா சொன்னபோது நாகவல்லிக்கு வருத்தம் இருந்ததே தவிரக் கோபம் இல்லை. கால் உள்ளவள் ஓடாமல் எப்படி இருப்பாள்? பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவளே போய் ஏற்றிவிட்டாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்த தீபா கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வல்லி, நான் போனப்புறம் ஊர்ப் பேரையெல்லாம் மாத்திப்புடாதடி.”

“ஏன்டி?”

“திரும்பி வந்தா எந்தப் பஸ்ல ஏறுறதுன்னு எனக்குத் தெரியாமப் போயிருமுல்ல. நான் யார்ட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். அது நம்ம பஸ்ஸு.”

இதை நாகவல்லி கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். கேட்டு வாங்கிய வாக்கு என்றால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஆவணியில் சிவகங்கையில் மண்டலப் போட்டி. ஜெயிக்கிற அணி அப்படியே மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் இந்திய முகாமுக்கு ஆள் எடுப்பார்கள். மற்றவர்களைவிட அகிலாவுக்கு அது பெரிய கனவு. தீபா போன பிறகு அணியிலேயே வேகமாக ஓடுகிறவள் அகிலா. திருக்கோஷ்டியூர் பாதையில் ஓடுகிறவளும் அவள்தான். வீட்டில் ‘இந்த வருஷத்தோடு போதும்’ என்று சொல்லிவிட்டார்கள். ஜெயித்தால் மட்டும்தான் அடுத்த வருஷம் அவளுக்கு ஆட்டம்.

அரையிறுதி முடிந்தது. இறுதிப் போட்டியில் எதிரே யார் என்றால், தீபாவின் மதுரை அணி. அன்று சாயங்காலமே ரோகிணி டீச்சர் பிடித்துக்கொண்டார்.

“பேரையெல்லாம் மாத்திருவோம். இன்னும் ஒரு வாரம் இருக்கு. தெரிஞ்சவ ஒருத்தி அங்குட்டு இருக்கா.”

“அவ சொல்ல மாட்டா டீச்சர்.”

“சொன்னான்னு நான் சொல்லல. ஒரு பாதுகாப்புக்கு.”

“மாத்துனா அவளை நம்பலன்னு ஆயிரும்ல? நான் பொறுப்பு டீச்சர். ஏதாவது ஒன்னுன்னா என்னையக் கேளுங்க.”

டீச்சர் அகிலாவைப் பார்த்தார். அகிலா இடுப்புக் கொடியைக் கழற்றிச் சுருட்டினாள். பிறகு, “வல்லி சொல்றாள்ல. சரி டீச்சர்” என்றாள்.

சிவகங்கை மைதானத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. தீபா எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நாகவல்லி தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். தீபாவும் ஆட்டினாள், ஆனால் அரைகுறையாக. இறக்காமல் உட்காரவைத்த சங்கடம் என்று நாகவல்லி நினைத்துக்கொண்டாள். ‘நம்ம ஊர்ல இருந்திருந்தா முதல் ஆளா இறங்கியிருப்பா’ என்று அவளுக்காகப் பரிதாபப்படவும் செய்தாள். அதுதான் கொடுமை.

முதல் ஓட்டத்துக்கு “மானகிரி!” என்று கூவினாள். தீபா இருந்த இடத்தில் இப்போது ஆடும் தேனம்மை நாலு எட்டு ஓடித் திரும்பினாள். திரும்புவதற்கு முன்பே அங்கே ஒரு மதுரைக்காரி நின்றாள். பந்து கைக்கு வந்த அதே நொடியில் கொடியை உருவிவிட்டாள். சரி, தற்செயல். அடுத்தது “பிள்ளையார்பட்டி!” தேனம்மை வலதுபக்கம் ஒடிப்பதற்குள் அந்தப் பக்கம் இரண்டு பேர் காத்திருந்தார்கள். இதுவும் தற்செயலாக இருக்கலாம். மூன்றாவது “கொத்தமங்கலம்!” என்றதும், நடுவில் நின்ற உயரமான பெண் ஒருத்தி தன் தோழியைப் பார்த்து, மெதுவாகக்கூட இல்லை, சத்தமாகவே சொன்னாள்: “எடது பக்கம்டி, எடது!”

அந்தப் பெண் கொத்தமங்கலத்தைக் கனவில்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அந்த ஊருக்கு எந்தப் பக்கம் ரோடு போகிறது என்று அவளுக்கு யார் சொன்னது?

நாகவல்லி திரும்பினாள். பெஞ்சைப் பார்த்தாள். தீபா குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பாதி ஆட்டம் முடியும்போது மதுரைக்குப் பன்னிரண்டு, காரைக்குடிக்குப் பூஜ்யம்.

“அவளுகளுக்கு அத்தனையும் தெரியுதுடி!” என்று அகிலா தண்ணீர்ப் பாட்டிலைத் தரையில் அடித்தாள். “நீதான பொறுப்புன்ன? இப்பச் சொல்லு.”

நாகவல்லி, “கண்டுபிடிச்சிருப்பாளுக… நம்ம பழைய மேட்ச்சை யாராவது வீடியோ எடுத்து…” என்று இழுத்தாள். சொல்லும்போதே தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது.

ரோகிணி டீச்சர் அவளைத் திட்டவில்லை. “இனிமே ஒரு ஊர்ப் பேரும் ஒன் வாயில வரக் கூடாது. எல்லாரையும் மாதிரி கூடி நின்னு பேசி ஆடுங்க” என்று மட்டும் சொன்னார்.

பேசி ஆடினார்கள். நேரம்தான் தின்றது, ஆனால் பலித்தது. அகிலா இரண்டு தடவை எல்லையைத் தொட்டாள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஆட்டம் முடிய முக்கால் நிமிஷம் இருந்தது. பந்து காரைக்குடியிடம். கூடி நின்று பேச நேரமில்லை, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாகவல்லி அகிலாவைப் பார்த்தாள். அகிலா ஓடத் தயாராக நின்றாள்.

அந்த நொடியில் அவள் புத்தியில் ஓடியது இதுதான். மற்ற மூன்றும் போய்விட்டது. ஆனால் திருக்கோஷ்டியூர் போயிருக்காது. முதல் பாதியில் அதைக் கூப்பிடவே வாய்க்கவில்லை. அது பஸ்ஸில் இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்து உண்டாக்கியது. மானகிரியைச் சொல்லுவாள், பிள்ளையார்பட்டியைச் சொல்லுவாள், இதைச் சொல்ல மாட்டாள். தீபா முழுக்கக் கெட்டவள் இல்லை என்று யாருக்கோ நிரூபிக்க வேண்டும்போல் இருந்தது. வேறு யாருக்கு, தனக்குத்தான்.

“திருக்கோஷ்டியூர்!” என்று தொண்டை கிழியக் கூவினாள்.

அகிலா பாய்ந்தாள். திருப்பத்தூரில் நிற்பதுபோல் ஒரு நிறுத்து. அவளைத் துரத்தி வந்த உயரமானவள் ஏமாந்து நின்றுவிட்டாள். ஆக, இவளுக்குத் தெரியவில்லை! நாகவல்லிக்கு நெஞ்சு பொங்கியது. இந்தப் பாதைக்குப் பார்த்து வீச வேண்டியதே இல்லை, அகிலா வளைந்து வந்து சேரப்போகிற இடத்துக்கு முன்கூட்டியே வீசிவிட வேண்டும். நூறு தடவை வீசியதுதான். கண்ணை மூடிக்கொண்டு வீசினாள் என்றே சொல்லலாம்.

பந்து கையை விட்டுப் போன பிறகுதான் அங்கே ஒருத்தி நிற்பதைக் கண்டாள். அகிலாவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவளைப் போல, பந்து வந்து சேரும் இடத்தில் முன்பே போய்ச் சாவகாசமாக நின்றிருந்தாள். தீபா. கடைசி ஓட்டத்துக்கு அவளை எப்போது இறக்கினார்கள் என்று நாகவல்லி கவனிக்கவே இல்லை.

பந்து தீபாவின் கையில் போய் உட்கார்ந்தது. எந்த அணிக்காரி பிடித்தாலும் பிடித்தவளுக்கே பந்து சொந்தம். அவள் ஓடினாள். அவளை யாரும் தொட முடியாது, அது காரைக்குடியே அறிந்த ஓட்டம். நாகவல்லி குறுக்கே பாய்ந்து கையை நீட்டினாள். கொடி விரல் நுனியில் பட்டு நழுவியது. தீபா காரைக்குடிப் பக்கத்து எல்லையைத் தாண்டினாள். பதினெட்டு, பன்னிரண்டு.

மதுரைக்காரிகள் கத்திக்கொண்டு அவள்மேல் விழுந்தார்கள். தீபா கையைத் தூக்கவில்லை. இரண்டு கையையும் தொங்கப் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு, எழவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றாள். கால்பந்து தெரிந்த யாரோ நாலு பேர் அதைப் புரிந்துகொண்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். அகிலா இடதுபக்க மூலையில் மண்டியிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து, மைதானத்துக் குழாயில் நாகவல்லி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது தீபா பின்னால் வந்து நின்றாள். கழுத்தில் மெடல் இல்லை, கழற்றிப் பையில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“வல்லி, கோவமா?”

நாகவல்லி குழாயை மூடினாள். “எப்படி வாய் வந்துச்சு ஒனக்கு?”

“ஆறு மாசமாப் பெஞ்சுடி. ஒரு ஆட்டத்துலகூட எறக்கல. தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கத்தான் கூட்டிக்கிட்டுப் போனாளுக. எங்க கோச்சு கேட்டாக, ‘நீ காரைக்குடியோட ஆடுனவதான, அவளுகளைப் பத்தி ஒன்னும் தெரியாதா’ன்னு. மொதல்ல மானகிரியை மட்டும்தான் சொன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒன்னொன்னா வந்துருச்சு.” தீபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா திருக்கோஷ்டியூரைச் சொல்லலடி. சத்தியமா யார்ட்டயும் சொல்லல. அது நம்ம ரெண்டு பேரோடதுல்ல? ‘அவளுக கடைசியா ஒன்னு வச்சிருப்பாளுக, அதுக்கு நான்தான் வேணும், என்னைய எறக்குங்க’ன்னு மட்டும்தான் சொன்னேன்.”

நாகவல்லி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். தனக்கு நரகம் வந்தாலும் வரட்டும், ஊர் பிழைக்கட்டும் என்று கோபுரம் ஏறிக் கூவினார் ஒருத்தர், அதே திருக்கோஷ்டியூரில். இவள் கூவவில்லை. வாயைக் கட்டி, பத்திரமாக வைத்திருந்து, அதைக் காட்டித் தனக்கு ஒரு இடம் வாங்கிக்கொண்டாள். காட்டிக்கொடுத்ததைக்கூட விசுவாசம் என்று நினைத்துக்கொண்டு எதிரே வந்து நிற்கிறாள்.

“பேரை மாத்தாதன்னு சொன்னது நீதான?”

“அப்ப மனசாரத்தான்டி சொன்னேன்.”

அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால் வலி குறைந்துவிடவில்லை.

தீபா இன்னும் ஒரு எட்டு முன்னால் வந்தாள். குரல் கெஞ்சியது. “நான் கையத் தூக்கலையேடி. பாத்தியா இல்லையா? எல்லாரும் கட்டிப்பிடிச்சாளுக, நான் தூக்கவே இல்ல.”

“பாத்தேன்” என்றாள் நாகவல்லி. “தூக்கிருக்கலாம்டி. தூக்கிருந்தா எதிராளின்னு நெனச்சுட்டுப் போயிருப்பேன்.”

நாகவல்லி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அகிலா கடைசி சீட்டில் தேனம்மையோடு போய் உட்கார்ந்துகொண்டாள். நாகவல்லி எழுந்து போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றாள். “எம்மேலதான் தப்பு. அவளுக்காக ஒங்களை அடகு வச்சுட்டேன்” என்றாள். அகிலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எவ்வளவு நேரம் நிற்பாள் என்று ரோகிணி டீச்சர்தான் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“திருக்கோஷ்டியூர் எறங்குறவுக முன்னால வாங்க!” என்று பஸ் கண்டக்டர் கூவினார். நாகவல்லியின் வலதுகை பந்து வீசப்போவதுபோல் தானாக முறுக்கிக்கொண்டது. ஒரு அம்மா பூக்கூடையோடு இறங்கினார். பிறகு திருப்பத்தூர், பிறகு பிள்ளையார்பட்டி, பிறகு மானகிரி. ஒவ்வொன்றையும் அந்த மனிதர் ஊர் அறியக் கூவிக்கொண்டே வந்தார். அத்தனையும் வெறும் ஊர்ப் பேராக ஆகிவிட்டிருந்தன. அவள் அழுதது அப்போதுதான்.

அகிலா மூன்று வாரம் மைதானத்துக்கு வரவில்லை. நான்காம் வாரம் வந்தாள். வீட்டில் எப்படிச் சம்மதிக்கவைத்தாள் என்று அவளும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் வட்டமாகக் கூடி நின்று காதோடு காதாகப் பேசித்தான் ஆடுகிறார்கள். மைதானத்தில் யாரும் ‘ரைட், போலாம்’ என்று விசில் அடிப்பதில்லை. தீபாவிடமிருந்து சனிக்கிழமைதோறும் செய்தி வருகிறது: ‘நம்ம ஆளுக இன்னைக்கு ஏழரைக்கு.’ நாகவல்லி பார்ப்பாள், பதில் போட மாட்டாள்.

போன சனிக்கிழமை அவளும் பெத்தனும் மட்டும் டிவிக்கு முன்னால் இருந்தார்கள். நம்ம ஆளுகளுக்கு எதிராக ஒருத்தன் கோல் போட்டான். அவனும் பழைய ஆள்தான். தலையைக் குனிந்து, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அரங்கம் முழுக்க எழுந்து கைதட்டியது.

பெத்தன் போன தடவை கேட்டுத் தெரிந்துகொண்டதை மறக்காமல் வைத்திருந்தார். “மரியாதை, என்னத்தா?” என்றார் மகளைப் பார்த்து.

“இல்லப்பா” என்றாள் நாகவல்லி. “தான் என்ன செஞ்சோம்னு அவனுக்குத் தெரியும்.”

ரிமோட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, நாளைக்குக் காலையில் மானகிரிக்கு எடுத்துப்போக வேண்டிய பப்பாளியில் காற்று இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.